அயலகத் தமிழரும் அரசு கூட்டும் பேரவைகளும்

புலம்பெயர்ந்து கடல்கடந்து வாழும் மக்களைத் தாய்நாட்டரசு தன் செலவில் அழைத்துப் பந்தலிட்டு மாலை சூட்டிப் பேரவை கூட்டுவது தகுமா, அதனால் விளையும் பயன்தான் யாது என்னும் வினா இக்காலத்துப் பலராலும் எழுப்பப்படுகின்றது. வீண் ஆரவாரம் என்பார் ஒருசாரார். உறவைப் புதுப்பிக்கும் திருநாள் என்பார் மற்றொருசாரார். இருவரும் தத்தம் கொள்கைக்குச் சான்று காட்டுவதினும் உணர்ச்சியையே மிகுதியும் துணைக்கொள்கின்றனர். நாம் ஈண்டுத் தமிழர் வரலாற்றிலிருந்து சில நிகழ்ச்சிகளை எடுத்து நிறுத்தி, அவற்றின் துணைகொண்டு இவ்வினாவை ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாய் அமைந்தது நந்தனத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி. சென்னையின் இப்பகுதி, 1952-ஆம் ஆண்டில் தொடங்கிய நந்தன ஆண்டின் பெயரைத் தாங்கியது. இராசாசி இட்ட பெயர் என்பர். இங்குள்ள கிறித்தவ இளைஞர் கழக உடற்பயிற்சிக் கல்லூரித் திடலில் அண்மைக் காலத்தே சனவரித் திங்களில் புத்தகக் காட்சி நடைபெறுதலைச் சென்னை மக்கள் அறிவர். சில ஆண்டுகட்கு முன் பொங்கலை அடுத்த நாள்களில் அக்காட்சிக்குச் சென்றிருந்தபோது, தென்னாப்பிரிக்காவின் நெற்றாலிலிருந்து வந்த முதிய அம்மையார் ஒருவரைக் கண்டோம். அரசு கூட்டிய அயலகத்தார் கூட்டம் ஒன்றுக்கு அழைக்கப்பெற்று வந்தவர். கூட்டத்தின் அடையாள அட்டை அவர் கழுத்தில் இன்னும் தொங்கிற்று. அவர் கடையில் கேட்டது நூலன்று. வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் நிலப்படம். அப்பெயரில் இப்பொழுது மாவட்டம் இல்லை என்றார் கடைக்காரர். அவ்விடையைக் கேட்டு அம்மையார் முகம் வாடியது கண்டு நாம் அருகிற் சென்று வினவினோம். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதனைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

தமிழர் கடல்கடந்தமை நேற்று நிகழ்ந்ததன்று. சீயநாட்டுத் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் ஒன்று தோண்டப்பெற்று மணிக்கிராமத்தார் முதலியோரின் அடைக்கலமாக விடப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. சுமத்திராத் தீவின் பாருசுக்கு அருகே லோபுத்துவாவிற் கிடைத்த 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு திசையாயிரத்து ஐந்நூற்றுவர் கூடி ஏற்படுத்திய ஏற்பாட்டைக் குறிக்கின்றது. இவை வணிகக் குழுவினர் தாமே கூடிய கூட்டங்கள். தம்மை அழைத்துப் பெருமைப்படுத்த ஓர் அரசு வேண்டுமென அவர் எதிர்பார்த்திலர். கூடியதன் அடையாளமாக ஒரு குளமேனும் ஒரு விதியேனும் எஞ்சியது. இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. ஏனெனில் பேரவைகளை அளக்கும் கோல் நமக்கு இங்கேயே கிடைத்துவிடுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சென்றோர் நிலை வேறு. மொரீசியசுத் தீவுக்கு 1834 முதலும், நெற்றாலுக்கு 1860 முதலும் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் ஏற்றப்பட்டனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் நாள் தர்பன் கரையை அடைந்தது. பிசித் தீவுக்குத் தென்னாட்டார் சென்றது 1903 முதல். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கட்கும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்கட்கும் கங்காணியர் வழியாகச் சென்றோர் தொகை இவற்றினும் மிகப் பெரிது. இவர்களை அனுப்பியது அன்றைய அரசு. பதிவு செய்ததும் அரசு. ஆனால் இவர் வாழ்ந்தனரோ மாய்ந்தனரோ எனக் கேட்டது அரசன்று. ஆதலின் இவர்தம் வழித்தோன்றல்களை இன்று ஓர் அரசு அழைக்குமாயின், அவ்வழைப்பில் விருந்தோம்பலோடு ஒரு பழங்கடனும் கலந்துள்ளதென்றே நாம் கருதுகின்றோம்.

இனி, நம் காலத்துக் கூட்டங்களுக்கு வருவோம். 1964 சனவரியில் தில்லியில் உலகக் கீழ்த்திசையியல் அறிஞர் மாநாடு நடந்தபோது, தனிநாயக அடிகளார் முதலியோர் முயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. பிரெஞ்சு அறிஞர் பிலியோசா அதன் தலைவரானார். மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் மலேசிய அரசின் ஆதரவோடு நடந்தது. இரண்டாவது 1968 சனவரியில் சென்னையில், அண்ணா முதலமைச்சராய் இருந்த காலத்தே நடந்தது. இவை ஆராய்ச்சி மாநாடுகளே ஆயினும், அயலகத் தமிழர் தாய்நிலத்தோடு கைகோத்த முதற் பெருங்கூட்டங்களும் இவையே. சென்னை மாநாட்டையொட்டிக் கடற்கரையிற் சிலைகள் எழுந்தன, ஊர்வலம் நடந்தது, மக்கள் வெள்ளம் திரண்டது. ஆரவாரம் என்று அன்றும் சிலர் முகஞ்சுளித்தனர். ஆயின் 1970-இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் சென்னையில் நிறுவப்பட்டது. அது தரமணியில் இன்றும் இயங்குகின்றது. 1981-இல் மதுரையில் ஐந்தாவது மாநாடு நடந்த அதே ஆண்டில் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஊர்வலத்தைக் கண்டவர் மறந்திருக்கலாம். கட்டடத்துள் மாணவர் படிக்கின்றனர்.

அரசின் கை படுமிடத்து நன்மையொடு தீமையும் வருதலை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. 1974 சனவரியில் நான்காவது மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. கொழும்பில் நடத்துக என அரசுதரப்பு விரும்ப, அமைப்பாளர் யாழ்ப்பாணத்தையே தேர்ந்தனர். அரசின் அரவணைப்பின்றி, ஊர்மக்கள் தம் வீடுகளை விருந்தினர்க்குத் திறந்துவிட நடந்த மாநாடு அது. சனவரி 10-ஆம் நாள், வீரசிங்கம் மண்டபத்தின் முன் கூடியிருந்த பொதுமக்களிடையே காவலர் புகுந்ததால் விளைந்த குழப்பத்தில் மின்கம்பி அறுந்து வீழ்ந்து உயிர்கள் பலியாயின. அரசு ஆதரியாத கூட்டம் எத்துணை உயிர்ப்புடையதாகலாம் என்பதையும், அரசு பகைத்த கூட்டம் எவ்வாறு முடியலாம் என்பதையும் அந்த ஒரு வாரமே காட்டிற்று. ஆதலின் அரசே ஒதுங்கி நிற்க என்று எளிதிற் கூறிவிட முடியாது.

மற்று, அரசே முன்னின்று நடத்துங்கால் வாயிலில் நிற்போனும் அரசே ஆகிவிடுகின்றான். 1995-இல் தஞ்சையில் நடந்த எட்டாவது மாநாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழறிஞர் சிலர் திருப்பி அனுப்பப்பட்டனர். கா. சிவத்தம்பி அவருள் ஒருவர். தமிழிலக்கிய வரலாற்றைத் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஒருவர் தமிழ் மாநாட்டின் வாயிலிலிருந்து திரும்பியமை நாம் எளிதில் மறக்கற்பாலதன்று. பின்னர் 2010 சூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்கு அவர் வந்தார் என்பது ஓரளவு ஆறுதல்.

அக் கோவை மாநாட்டின் பின்னணியும் கருதத்தக்கது. உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் ஒன்பதாவது மாநாடாகவே அதனை நடத்த அரசு முதலில் விரும்பியது. அப்பொழுது மன்றத் தலைவராயிருந்தவர் சோழர் கல்வெட்டுகளில் தோய்ந்த சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமா. ஆய்வுரைகளைப் பெற்று, ஆராய்ந்து, தேர்ந்தெடுக்கப் போதிய காலம் வேண்டும் என்றார் அவர். அரசுக்கோ தேர்தற் காலம் நெருங்கிக் கொண்டிருந்தது. இருவர்தம் நாட்காட்டியும் பொருந்தவில்லை. மாநாடு வேறு பெயரில், மன்றத்தின் பொறுப்பின்றி நடந்தது. அதில் அசுகோ பார்ப்போலாவுக்குச் செம்மொழி விருது அளிக்கப்பட்டமை தக்க செயலே. எனினும் ஆராய்ச்சிக்கு ஒரு காலக்கணக்கும் ஆட்சிக்கு ஒரு காலக்கணக்கும் உண்டு. பின்னது முன்னதை விழுங்குமிடத்துப் பேரவை விழாவாகச் சுருங்கும். கராசிமாவின் தயக்கம் தமிழுக்குச் செய்த தொண்டே என்பது எம் கருத்து. அன்று அவ்வாறு கூறியவர் சிலரே.

இந்திய நடுவணரசின் கூட்டமோ வேறு வகையது. எல். எம். சிங்வி தலைமையிலான உயர்நிலைக் குழு 2002-இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் பரிந்துரைப்படி, காந்தியடிகள் 1915-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து மீண்ட சனவரி 9-ஆம் நாளை நடுவாகக் கொண்டு 2003 முதல் அயலக இந்தியர் நாள் கொண்டாடப்படலாயிற்று. முதலில் ஆண்டுதோறும் நடந்தது. 2015-க்குப்பின் ஈராண்டுக்கு ஒருமுறை என்றாயிற்று. 2009-இல் சனவரி 7 முதல் 9 வரை சென்னையில், நந்தம்பாக்கம் வணிக மையத்தில் நடந்தது. நந்தனத்திலிருந்து அண்ணா சாலைவழியே சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்து, கிண்டியைத் தாண்டிச் சென்றால் அவ்விடம் வரும். தலைமையமைச்சர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார்.

அந்நாள்களில் பாக்கு நீரிணைக்கு அப்பால் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சனவரி 2-ஆம் நாள் கிளிநொச்சி வீழ்ந்திருந்தது; வன்னி மக்கள் குண்டுவீச்சுக்கிடையே கிழக்கு நோக்கிப் பெயர்ந்து கொண்டிருந்தனர். சென்னையில் கடல்கடந்தோர்க்கு வரவேற்பு. கடலுக்கு அப்பால் கூப்பிடு தொலைவில் தமிழர்க்கு அந்நிலை. பேரவையின் நோக்கம் வேறு, அது இந்தியக் குடிவழியினர்க்கு உரியது என்று விடை கூறலாம். சட்டப்படி அது சரியும் ஆகலாம். எனினும், சென்னையிற் கூடும் எந்தக் கூட்டமும் அக்கேள்விக்கு முகங்கொடாமல் உறவைப்பற்றிப் பேசுதல் எளிதன்று.

நடுவணரசின் இக்கூட்டங்களால் விளைந்த நன்மைகளை மறுத்தல் முறையன்று. அயலகக் குடிவழியினர்க்கு ஒருவகைக் குடியுரிமை வழங்கப்படும் என்னும் செய்தி 2003-இன் முதற்கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அதற்குரிய அட்டை 2006-இல் ஐதராபாத்துக் கூட்டத்தில் முதன்முதல் வழங்கப்பட்டது. வாக்குரிமை இல்லாத, அரசுப்பணிக்கு உதவாத உரிமையே அது. ஆயினும் நுழைவிசைவுக்காக ஒவ்வொருமுறையும் தூதரக வாயிலில் நிற்கும் இழிவை நீக்கிற்று. அரபு நாடுகட்குச் செல்லும் எளிய தொழிலாளர்க்குக் கட்டாயக் காப்புறுதித் திட்டம் வந்ததும் 2003-ஆம் ஆண்டே. இவை இரண்டும் எஞ்சி நிற்பவை.

தமிழ்நாட்டரசும் 2021-இல் அறிவித்துச் சனவரி 12-ஆம் நாளை அயலகத் தமிழர் நாளாக 2022 முதல் கொண்டாடலாயிற்று. அயலகத் தமிழர் நலச்சட்டம் 2011-இலேயே இயற்றப்பட்டது; அதன்கீழ் நலவாரியம் அமைந்து இயங்கத் தொடங்கியதோ பத்தாண்டுக்குப் பின்னரே. விழா நாளும் வாரியமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தமை தற்செயலன்று என எண்ணுகின்றோம். ஒரு நாளைக் குறித்து விருந்தினரை அழைத்துவிட்டால், அவர் முன்னிலையில் ஏதேனும் காட்டியாக வேண்டிய கடப்பாடு அரசுக்கு ஏற்படுகின்றது. உறங்கும் சட்டமும் விழித்துக்கொள்கின்றது. அயலகத் தமிழ் இளைஞரை அழைத்துவந்து தமிழ்நிலத்தைச் சுற்றிக் காட்டும் 'வேர்களைத் தேடி' என்னும் திட்டமும் 2023-இல் தொடங்கப்பட்டது. திருநாள்களின் பயன்களுள் இத்தகைய கடப்பாட்டை விளைத்தலே தலையாயது; மேடையுரைகள் அதன்பின் வைத்து எண்ணத்தக்கவை.

இவ்விடத்து ஒரு கேள்வி எழுகின்றது. அழைக்கப்படுவோர் யார்? செல்வரும், மருத்துவரும், அமைச்சரும், சங்கத் தலைவரும் வருதல் இயல்பு. அவர்க்கு விமானச் செலவு பெரிதன்று; விடுமுறையும் கிடைக்கும். மலைநாட்டிற் கொழுந்து பறிப்பவரும், பாலைவனத்திற் சாலை போடுபவரும் வருவதில்லை. அயலகத் தமிழருள் பெருந்தொகையினர் அவரே. தம்மாலே கூட்டம் கூட்ட வல்லவர்க்கு அரசின் பந்தல் அத்துணைத் தேவையன்று. 2019 சூலையில் பத்தாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைச் சிகாகோவில் அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களே முன்னின்று நடத்தின. ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்துத் தமிழ் இருக்கைக்கு அயலகத் தமிழரே பெரும்பொருள் திரட்டினர். தமிழ்நாட்டரசு 10 கோடி உரூபா அளித்துத் துணைநின்றது. வல்லவர் முன்செல்ல அரசு பின்னின்று உதவுதல் அவ்வகை. எளியவர் திறத்திலோ அரசே முன்செல்ல வேண்டும். நடப்பது பெரும்பாலும் இதற்குத் தலைகீழாய் உள்ளது.

எளியவர் வரலாற்றை அறிய நாம் மண்டபத்துக்குச் செல்ல வேண்டும். மாநாட்டு மண்டபத்துக்கன்று, இராமநாதபுரக் கடலோரத்து மண்டபத்துக்கு. இலங்கைத் தோட்டங்கட்குச் செல்லும் கூலிகளை நோய்த் தடுப்புக்காக வெள்ளையர் ஆட்சியில் அடைத்துவைத்து அனுப்பிய முகாம் அது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் இலங்கைக் குடியுரிமை இழந்தனர். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோவும் சாத்திரியும் செய்த உடன்படிக்கையில் 9,75,000 மக்கள் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என்பது ஏற்பாடு. 1974-இல் அவ்வெச்சமும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. தானியத்தை மரக்கால் கொண்டு அளப்பதுபோல் மக்களை அளந்தனர். தலைமன்னாரில் 'இராமானுசம்' கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர், தம் பாட்டனார் எந்த முகாம் வழியே சென்றாரோ அந்த மண்டபத்தையே முதலிற் கண்டனர். சிலர்க்கு நீலகிரியில் 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மீண்டும் கொழுந்து பறிக்கும் வேலை கிடைத்தது. 1983-க்குப் பின் அதே முகாமில் ஏதிலியர் வந்திறங்கினர்; அவருள்ளும் மலையகத்தார் உண்டு. மூன்று தலைமுறையையும் வாங்கிய வாயில் அது ஒன்றே.

இத்தகைய முகாம்களில் பல்லாண்டு வாழ்ந்தும் இந்தியக் குடியுரிமை பெறாத இந்தியக் குடிவழியினர் உளர். 2019-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை அத்தகையோர் சிலரின் வேண்டுகோளைப் பரிவோடு கருதுமாறு கூறவேண்டியதாயிற்று. சிகாகோவில் வாழ்பவர்க்கு அட்டை அஞ்சலில் வருகின்றது. மண்டபத்தில் வாழ்பவர் நீதிமன்றம் செல்கின்றார். அயலகத்தார் பேரவை ஒன்றின் முதல் இருக்கையில் இவருள் ஒருவரை அமர்த்தின், அவ்விழாவின் பொருள் வேறாகிவிடும்.

இனி அம்மையாரின் தாளுக்கு வருவோம். நெற்றால் சென்ற ஒவ்வோர் ஒப்பந்தக் கூலிக்கும் ஓர் எண் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் ஆகியன கப்பற் பதிவேட்டில் எழுதப்பட்டன. ஆங்கில எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதியமையால் ஊர்ப்பெயர்கள் உருமாறிக் கிடக்கின்றன. அம்மையார் தம் பாட்டியின் தந்தையைப் பற்றிய அவ்வரியைத் தர்பனிற் படியெடுத்து வந்திருந்தார். இரண்டு நாள் கூட்டம் முடிந்து, ஒரு நாளே எஞ்சியிருந்தது. வட ஆர்க்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. பின்னர் வேலூர் எனப் பெயர் பெற்ற பகுதியும் 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று என்று விளக்கினோம். "அப்படியானால் என் ஊர் எதில் இருக்கிறது, ஐயா?" என்று ஆங்கிலத்தில் வினவினார், 'ஊர்', 'ஐயா' என்னும் இரு சொற்கள் மட்டும் தமிழிற் கேட்டன.

தமிழ்நாட்டு ஆவணக் காப்பகம் எழும்பூரில் உள்ளது. சென்னை மாகாணத்து ஆவணங்களைப் பேணுவது அது. மொழி வரலாறு அறிந்தவரும் ஊர்ப்பெயராய்வு வல்லாரும் நம் பல்கலைக்கழகங்களில் உளர். பேரவை நாள்களில் ஒரு மேசை, அதன்பின் இரண்டு ஆராய்ச்சி மாணவர், பதிவேட்டுப் படிகள், பழைய வட்டப் படங்கள். இவற்றிற்கு ஆகும் செலவு தோரண வாயில் ஒன்றின் செலவுக்குமேல் ஆகாது. தமிழ்த்துறைகள் இதனைத் தம் கடனாக மேற்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையை ஆராய்ச்சி இதழில் வெளியிடுவதன் நோக்கம். ஊர்ப்பெயராய்வு என்பது ஏட்டுக்கல்வி எனக் கருதுவோர், ஓர் அம்மையாரின் கையில் அத்தாள் நடுங்கியதைக் கண்டிருப்பின் அவ்வாறு கூறார்.

தாளிலிருந்த உருமாறிய பெயரை நாம் பலவாறு ஒலித்துப் பார்த்தோம். வாலாசா வட்டத்தில் ஒன்றும் ஆர்க்காட்டு வட்டத்தில் இரண்டுமாக மூன்று ஊர்கள் அதற்குப் பொருந்துவன. எது அவருடையது என்பதைத் தந்தை பெயரும் கூலி எண்ணும் கொண்டு ஆவணங்களிற் பார்த்தே துணிதல் கூடும். அம்மையார் மறுநாள் இரவு விமானமேறினார். தாளின் படி ஒன்றை எம்மிடம் விட்டுச் சென்றுள்ளார். மூன்று ஊர்களுள் ஒன்றை நீக்கிவிட்டோம், இரண்டு எஞ்சியுள்ளன.